ஒத்திகை நடை எதற்கு? நடைக்குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

சனிக்கிழமை நடைக்கு வரும் அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும்,

போன கூட்டத்தில் தேநீர் ஆறுவதற்குள் ஒரு யோசனை வந்தது; பெரும்பாலான தலைகள் அதற்கு ஆடியும் விட்டன. "ஃபோனில் ஆயிரம் வழித்தடம் கிடக்கிறது. கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஊர் வந்துவிடும். அதற்கு முன்னால் ஒருவர் தனியாக டிக்கெட் எடுத்து, ஒரு முழு நாளைச் செலவழித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவது எதற்கு அக்கா?" கேட்ட தம்பி நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். என் முழங்காலை நினைத்துக் கேட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. பதில் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் சமோசா வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். என் கட்சி இதுதான்: இப்படி முன்பே போய்ப் பார்த்து வரும் ஒத்திகை நடையை நிறுத்தக் கூடாது. அதை நிறுத்துவதானால் கூட்டமாகப் போவதையே நிறுத்திவிட்டு, அவரவர் ஃபோனோடு அவரவர் போய்க்கொள்ளலாம்.

பொதுவாகப் பேசினால் காற்றில் போய்விடும். ஒரு வழியை எடுத்துக்கொள்கிறேன்: கென்ட்டில் டேரன்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கு. லண்டனிலிருந்து செவன்ஓக்ஸ் பக்கம் போகிற ரயிலில் ஏன்ஸ்ஃபர்ட், ஷோரம், ஆட்ஃபர்ட் என்று மூன்று சின்ன நிலையங்கள் அடுத்தடுத்து வரும். ஏன்ஸ்ஃபர்டில் இறங்கி ஆற்றோரமாகத் தெற்கே நடந்தால் ஆட்ஃபர்ட். ஏறத்தாழ 10 கிலோமீட்டர். இந்தச் சின்ன தூரத்துக்குள் ஒரு நார்மன் கோட்டை, ஒரு ரோமானிய மாளிகை, செங்கல் கோபுர வாசல் வைத்த ஒரு ட்யூடர் காலத்து வீடு, ஓர் ஓவியர் குடியிருந்த கிராமம், ஒரு பேராயர் அரண்மனையின் மிச்சம் எல்லாம் இருக்கின்றன. ஒரு நாள் நடைக்கு இவ்வளவு சரக்கு இத்தனை நெருக்கத்தில் கிடைப்பது அரிது. ஃபோன் செயலியும் இதைச் சொல்கிறது: எளிய வழி, மூன்று மணி நேரம். அது பொய்யில்லை.

ஆனால் காலை பத்து மணிக்கு நம் கூட்டம் ஏன்ஸ்ஃபர்டில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள். ஊருக்குள் போனதும் டேரன்ட் தெருவுக்குக் குறுக்கே ஓடுகிறது. பக்கத்தில் முதுகு வளைந்த பழைய கல்பாலம். பாலம் குறுகல், துணிச்சலான ஓட்டுநர்கள் காரைத் தண்ணீருக்குள்ளேயே இறக்கி ஏற்றுவார்கள். அன்றைக்கு ஆழம் எவ்வளவு என்று காட்டுவதற்கு ஓர் அளவுக்கட்டை நட்டிருக்கிறது. கோடையில் தண்ணீர் குறைந்து கிடக்கும், அடியில் கிடக்கும் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரியும். அதைப் பார்த்த பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றாமல் அடுத்த அடி வைப்பார்களா? அங்கே அரை மணி. கோட்டையில் அரை மணி. ரோமானியர் வீட்டில் ஒரு மணி. சாப்பாட்டுக்கு ஷோரம் போய்ச் சேரும்போது இரண்டரை தாண்டிவிடும். கிராமத்துப் பப்புகள் பலவற்றில் மதியச் சமையலை இரண்டு, இரண்டரைக்கு முடித்தால் மாலைக்குத்தான் மறுபடி அடுப்பு. அப்புறம் சிப்ஸ் பாக்கெட்டும் உப்புக் கடலையும்தான் மதிய உணவு.

ஆகவே இந்த வழியைத் தலைகீழாக நடக்க வேண்டும். ஆட்ஃபர்டில் தொடங்கினால் பன்னிரண்டரைக்கு ஷோரம். வயிறு நிறைந்த பிறகு ரோமானியர். பிள்ளைகளுக்கு ஆறு கடைசியில்; காலணி நனைந்தாலும் அடுத்தது ரயில்தானே. இன்னொரு லாபமும் உண்டு. மதியத்துக்கு மேல் வடக்கே பார்த்து நடப்பதால் வெயில் முதுகில் விழும், கண்ணில் குத்தாது. நஷ்டமும் உண்டு: ஏன்ஸ்ஃபர்ட் நிலையம் ஊரைவிட்டு ஒதுங்கி மேட்டில் இருக்கிறது, களைத்த காலோடு அந்தக் கடைசி ஏற்றத்தை ஏற வேண்டும். எனக்கு இது கட்டுப்படியாகும் பேரமாகத்தான் தெரிகிறது. உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் இந்தப் பேரத்தையே யாரும் முன்கூட்டிப் பேசவில்லை என்றால், அன்றைக்கு மத்தியானம் பசியோடு நின்றுதான் பேசுவோம்.

நேரக் கணக்குக்கு 1892-இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு சூத்திரம் வகுத்தார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம். அதோடு இரண்டாயிரம் அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி. மலையேறிகள் இன்றைக்கும் அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். நெய்ஸ்மித் நம்மோடு நடந்ததில்லை. சேற்றில் காலணி சிக்கிக்கொள்வது, ஒவ்வொரு குதிரைக்கும் கேரட் தேடுவது, யாரோ ஒருவர் ஃபிளாஸ்க்கைத் திறக்க மற்ற எல்லோருக்கும் அப்போதே தாகம் எடுப்பது ஆகியவை அவர் கணக்கில் இல்லை. செயலியின் மூன்று மணி நேரத்தை நான் ஐந்தாக்கிக்கொள்வேன். டிசம்பரில் லண்டன் பக்கம் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. அந்த மாதத்தில் இந்த ஐந்து மணி நேரத்தை வைத்துத்தான் புறப்படும் ரயிலையே தீர்மானிக்க வேண்டும்.

இன்னொன்று. இந்த வழியின் நடுவில் ஷோரம் நிலையம் இருக்கிறது, கிராமத்திலிருந்து நடக்கும் தூரத்தில். சாப்பிட்டு முடித்ததும் "எனக்குப் போதும்" என்று சொல்கிறவர் கௌரவமாக ரயிலேறி வீட்டுக்குப் போகலாம். வரைபடத்தில் அது ஒரு சிவப்புப் புள்ளி. முழங்கால் அறுவை முடிந்து முதல்முறை நடைக்கு வருகிற அம்மாவுக்கு, வரலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்வதே அந்தப் புள்ளிதான். ஒத்திகைக்குப் போகிறவர் நிலையத்துக்குப் போகும் பாதையையும் ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும். ஓரத்தில் நடைபாதை உண்டா, கார்கள் எவ்வளவு வேகத்தில் வருகின்றன என்று தெரியாமல் ஒருவரைத் தனியாக அனுப்பக் கூடாது.

இனி வயலுக்கு வருகிறேன். நம்மில் பலர் விவசாயக் குடும்பம். பயிரை மிதிக்கக் கூசுகிற கால்கள். பொதுப்பாதை கோதுமை வயலின் நட்டநடுவே போகிறது என்று ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தின் பச்சைக் கோடு சொன்னாலும், பாதி பேர் வரப்போரமாகச் சுற்றிப் போகத்தான் பார்ப்பார்கள். இங்கே சட்டம் நேர்மாறு. பாதை எங்கே பதிவாகியிருக்கிறதோ அங்கே நடப்பதுதான் உரிமை. சுற்றிப் போனால்தான் அத்துமீறல். உழவர் வயலை உழுது பாதையைக் கலைக்கலாம், ஆனால் பதினாலு நாளுக்குள் அதைத் திரும்ப ஒழுங்கு செய்ய வேண்டும். அதே பயிருக்காக மறுபடி மண்ணைக் கிளறினால் இருபத்துநாலு மணி நேரம்தான் அவகாசம். நடுவயல் நடைபாதைக்குக் குறைந்தது ஒரு மீட்டர் அகலம் விட வேண்டும். பல உழவர்கள் டிராக்டர் சக்கரத்தாலேயே அழகாகக் கோடு போட்டுத் தந்துவிடுகிறார்கள். சிலர் போடுவதில்லை. ஜூன் மாதத்தில் நெஞ்சளவு கடுகு இனப் பயிர் வழி முழுக்கப் பின்னிக்கிடக்க, எதிர் வேலியில் மஞ்சள் அம்பு மட்டும் தெரியும். பிள்ளைகளோடு அதற்குள் நுழைவதா, வேறு வழி பார்ப்பதா என்பதைப் போகும்போது முடிவு செய்ய முடியாது. முன்பே போய்ப் பார்த்தவர் கவுன்ட்டி கவுன்சிலுக்கு ஒரு புகார் எழுதிவிட்டு, வேறு பாதையையும் தேடி வைத்திருப்பார்.

மாடுகளும் அப்படித்தான். கறவை இனக் காளைகளைப் பத்து மாத வயதுக்கு மேல் பொதுப்பாதை போகும் வயலில் விடக் கூடாது என்று 1981-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மற்ற இனக் காளையைப் பசுக்களோடு சேர்த்து விடலாம். அதாவது வேலியருகே நின்று எட்டிப் பார்த்து, உள்ளே நிற்பது எந்த இனம் என்று ஆராய்ச்சி செய்து பயனில்லை. காளையைவிட நான் அஞ்சுவது கன்றோடு நிற்கும் பசுவுக்குத்தான், அதிலும் நம் கூட்டத்தில் நாய் இருந்தால். மாடு துரத்தினால் நாயின் கயிற்றை விட்டுவிட வேண்டும். நாய் தப்பித்துக்கொள்ளும், மாட்டின் கோபமும் அதன் பின்னாலேயே போய்விடும். இதைப் புறப்படும் முன் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். எந்த வயலில் மாடு நிற்கிறது என்று தெரிந்தால்தான் எந்த வேலியருகே சொல்வது என்பதும் தெரியும்.

இந்தப் பாதைகள் எப்படி வந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் பிள்ளைகள் கேட்கிறார்கள்: "அடுத்தவர் காணிக்குள்ளே நாம் ஏன் போகிறோம்?" தேவாலயத்துக்கும் ஆலைக்கும் சந்தைக்கும் பக்கத்து ஊரில் பெண் எடுத்த வீட்டுக்கும் ஜனங்கள் நடந்து நடந்து விழுந்த தடங்கள் இவை. 1949-இல் வந்த சட்டம்தான் இவற்றை முறையாக வரைபடத்தில் ஏற்ற வைத்தது. இன்றைக்கும், தடுப்பாரில்லாமல் இருபது ஆண்டு பொதுமக்கள் உரிமையோடு நடந்த தடத்தைப் பொதுப்பாதையாகப் பதியக் கேட்க முடியும். இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக ஏறத்தாழ இரண்டேகால் லட்சம் கிலோமீட்டர் இப்படிக் கிடக்கிறது. நடக்க வேண்டியதுதான் பாக்கி.

சரி, சரித்திரம். இதில்தான் எனக்கும் நம் குழுவின் சில பெரியவர்களுக்கும் வழக்கு. ஒவ்வொரு கல்லின் முன்னாலும் நிறுத்தி விக்கிப்பீடியாவை வாசிப்பது வேண்டாம் என்பது என் கட்சி. ஒத்திகை போகிறவரின் பாதி வேலை, எதைச் சொல்வது என்பதைவிட எதை விடுவது என்று தீர்மானிப்பது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கதை போதும். அதை எங்கே நிறுத்திச் சொன்னால் கூட்டம் நிழலில் நிற்கும், காரில் அடிபடாது என்று பார்த்து வைக்க வேண்டும்.

ஆட்ஃபர்டில் இறங்கியதும் சுற்றுவட்டச் சாலையின் நடுவே ஒரு வாத்துக் குளம். பாதுகாக்க வேண்டிய பழஞ்சின்னங்களின் பட்டியலில் அந்தக் குளமும் இருக்கிறது. கார்கள் வாத்துகளைச் சுற்றிக்கொண்டு போகின்றன. பக்கத்திலேயே பேராயர் அரண்மனை. கான்டர்பரி பேராயர் வார்ஹாம் 1510-களில் பிரமாண்டமாகக் கட்டிய செங்கல் மாளிகை. 1537-இல் அடுத்த பேராயர் கிரான்மரிடமிருந்து எட்டாம் ஹென்றி அதை எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்ட பிறகு, இது தாழ்வான இடம், வாதம் பிடிக்கும் என்று குறை சொல்லி, மேட்டிலிருக்கும் நோல் மாளிகையையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். இன்றைக்கு மிஞ்சியிருப்பது ஒரு மூலைக் கோபுரமும் வாசலின் ஒரு பகுதியும். முழங்கால் வலிக்காரர்கள் நிறைந்த குழுவுக்கு இந்த ஒரு கதை போதாதா? கி.பி. 776-இல் இங்கே நடந்த போரை நான் விட்டுவிடுவேன். இன்று பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

ஊர்ப் பூங்காவில் இன்னொன்று இருக்கிறது, கட்டாயம் காட்ட வேண்டியது. 2000-ஆவது ஆண்டுப் பிறப்பு நள்ளிரவில் கோள்கள் எந்த நிலையில் நின்றனவோ அந்த நிலையிலேயே, அளவு சுருக்கி, ஊர் முழுக்கத் தூண் நட்டிருக்கிறார்கள். நடுவில் சூரியன். பூமி பக்கத்திலேயே. வெளிக்கோள்களைத் தேடினால் ஊர் எல்லை வரை போக வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. பேராயரைக் காட்டிலும் புளூட்டோவுக்குத்தான் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும்.

ஷோரத்தில் ஓவியர் சாமுவேல் பால்மர் 1820-களின் பிற்பகுதியில் குடியேறினார். இருபது வயதைச் சற்றே தாண்டியவர். இந்தப் பள்ளத்தாக்கின் நிலவொளியையும் அறுவடையையும் திரும்பத் திரும்ப வரைந்தார். அன்றைக்கு யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இன்றைக்கு அவர் பெயரைச் சொல்லித்தான் ஊரையே சுற்றிக்காட்டுகிறார்கள். எதிர்ச் சரிவில், புல்லைச் செதுக்கிச் சுண்ணாம்புப் பாறையை வெளிக்காட்டி, பெரிய வெள்ளைச் சிலுவை ஒன்று. முதல் உலகப் போரில் ஊர் இழந்த பிள்ளைகளுக்காக 1920-இல் வெட்டியது. ஆற்றுப் பாலத்தில் நின்றால் நன்றாகத் தெரியும். அங்கே நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தேவாலயத்தில் ஓர் ஓவியம்: ஆப்பிரிக்காவைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்த வெர்னி காமரன் 1876-இல் ஊர் திரும்பியபோது கிடைத்த வரவேற்பு. அவர் இந்த ஊர்ப் பாதிரியாரின் மகன். கதவு திறந்திருந்தால் பார்க்கலாம். திருமணமோ இறுதிச் சடங்கோ இருந்தால் ஓசைப்படாமல் கடந்து போக வேண்டும். அதையும் அறிவிப்புப் பலகையில் முன்பே பார்த்து வைக்கலாம்.

அப்புறம் லல்லிங்ஸ்டன். ரோமானிய மாளிகையின் இடிபாடு முழுவதும் ஒரு கூரைக்குள் இருக்கிறது, மழை நாளுக்கு வரம். முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி, ஐந்தாம் நூற்றாண்டில் தீப்பிடித்து அழிந்தது வரை வீட்டுக்கு ஏறத்தாழ முந்நூற்றைம்பது வயது. 1750-இல் மான் பூங்காவுக்கு வேலி போட்டவர்கள் கம்பம் நட்ட குழிகள் நேரே ஒரு வண்ணக்கல் தரையைத் துளைத்துப் போயின. அதற்குப் பிறகும் இரண்டு நூற்றாண்டு அது மண்ணுக்குள்ளேதான் கிடந்தது. 1949-இல்தான் முறையான அகழாய்வு தொடங்கியது. மேல்தளத்துப் பார்வை மாடத்தில் நின்றால் தரை முழுக்கத் தெரிகிறது: காளை உருவெடுத்து யூரோப்பாவைத் தூக்கிப் போகும் ஜுபிடர், சிறகுக் குதிரையில் ஏறி வேட்டையாடும் பெல்லரஃபான்.

ஆனால் கூட்டத்தை நிறுத்த வேண்டிய இடம் அது இல்லை. பக்கத்தில் ஆழமாக ஓர் அறை இருக்கிறது. அதன் சுவரில் நீர்த்தேவதைகளின் ஓவியம் மங்கலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த அறைக்கு நேர்மேலே, நாலாம் நூற்றாண்டில் வீட்டுக்காரர்கள் கிறிஸ்தவ வழிபாட்டுக்கு ஓர் அறை அமைத்தார்கள். கைகளை விரித்து நின்று பிரார்த்திக்கும் அதன் சுவரோவிய உருவங்கள் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. மேலே புதிய மதம் வந்த பிறகும் கீழே பழைய வழிபாடு உடனே நின்றுவிடவில்லை என்று கருத இடமிருக்கிறது. மாமியாருக்கு ஒரு சாமி, மருமகளுக்கு ஒரு சாமி என்று நடந்த வீடு போல. இதைச் சொல்லிவிட்டு நான் வாயை மூடிக்கொள்வேன். ஜுபிடரைப் பற்றிப் பலகையில் எழுதியிருக்கிறது. ஒன்று மட்டும்: திறக்கும் நாளும் நேரமும் குளிர்காலத்தில் சுருங்கிவிடும், நடைத் தேதியை அறிவிக்கும் முன் பார்த்துவிட வேண்டும்.

சற்றுத் தள்ளி லல்லிங்ஸ்டன் கோட்டை. பெயர்தான் கோட்டை, உண்மையில் பெரிய வீடு, முன்னால் ட்யூடர் காலச் செங்கல் வாசல். அந்தக் குடும்பத்து வாரிசு டாம் ஹார்ட் டைக் செடி தேடிப் போகிறவர். 2000-ஆவது ஆண்டில் பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையே டாரியன் காட்டில் ஆயுதக் குழுவிடம் சிக்கி, ஒன்பது மாதம் பிணைக்கைதியாக இருந்தார். கொன்றுவிடுவார்கள் என்று எண்ணியிருந்த நாட்களில் ஒரு தோட்டம் வரைந்தார்: உலக வரைபடத்தின் வடிவில் பாத்தி, அந்தந்தக் கண்டத்தின் செடி அந்தந்த இடத்தில். விடுதலையாகி வந்து, அதை வீட்டுத் தோட்டத்துக் கொல்லையில் நிஜமாகவே நட்டார். நம் அக்காமாரில் பாதி பேர் கோட்டையை விட்டுவிட்டு அங்கேயே நின்றுவிடுவார்கள். இங்கே 1930-களில் பட்டுப்பூச்சியும் வளர்த்தார்கள். அந்தப் பட்டு 1937 முடிசூட்டு விழாவுக்கும் போனது. காஞ்சிபுரத்துக்காரர்கள் கேட்கத் தொடங்கினால் ரயிலை விட்டுவிடுவோம் என்பதால் இதை ஏன்ஸ்ஃபர்ட் நடைமேடையில் சொல்வதே உத்தமம்.

ஆற்றைப் பற்றி ஒரு சொல். டேரன்ட் சுண்ணாம்புப் பாறையின் ஊற்றுகள் ஊட்டும் ஆறு. இவ்வகை ஆறுகளில் பெரும்பாலானவை உலகத்திலேயே இங்கிலாந்தில்தான் இருக்கின்றன. தண்ணீர் அவ்வளவு தெளிவு. நிலத்தடி நீரைக் குடிநீருக்காக அளவுக்கு மீறி உறிஞ்சியதால் 1980-களின் கடைசியில் இதன் நீண்ட பகுதிகள் வறண்டே போயின. பிறகு எடுக்கும் அளவைக் குறைத்தார்கள், தண்ணீர் திரும்பியது. பிள்ளைகள் இறங்கி நிற்கும்போது இதைச் சொன்னால், அவர்கள் குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்ப்பதைப் பற்றி அம்மாக்கள் பேச ஒரு வாய்ப்புக் கிடைக்கும்.

இனி பப். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

2019-இல் அரசுக்காக ஜூலியன் குளோவர் தலைமையில் நடந்த ஆய்வு, இங்கிலாந்தின் நாட்டுப்புறம் வெள்ளையர்களின் இடம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது என்று எழுதியது. எழுதாமலும் நமக்குத் தெரியும். இருபது ஆண்டு லண்டனில் இருந்தும் ஒரு கிராமத்துப் பப்பின் கதவைத் தள்ளாதவர்கள் நம்மில் இருக்கிறார்கள். தாழ்ந்த உத்தரம், மங்கிய விளக்கு, திரும்பிப் பார்க்கிற நாலு முகம். ஒரு கணம் தயக்கம். உள்ளே போனால் மேசையில் உட்கார்ந்து யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருப்போம். ஒருவரும் வர மாட்டார்கள். பாருக்குப் போய், மேசை எண்ணைச் சொல்லி, காசையும் கொடுத்துவிட்டு வருவதுதான் பல இடங்களில் வழக்கம். அங்கே வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எல்லோருக்கும் தெரியும். அடுத்தவர் முறைக்குள் புகுந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அதுதான் தண்டனை. குடிக்காதவர் பப்பில் என்ன செய்வது என்ற கேள்விக்கு லைம் சோடாவும் ஜிஞ்சர் பியரும் இருக்கின்றன, தேநீரும் கேட்டால் கிடைக்கும்.

ஒரு பப்பில் ஒரு ஞாயிறு மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் கூட்டமாகப் போய் நின்றபோது, பார்த்தவர் முகம் சுருங்கியது. நிறத்தைப் பார்த்தா, எண்ணிக்கையைப் பார்த்தா, சேற்றுக் காலணியைப் பார்த்தா? தெரியாது. திரும்பும் வழி முழுக்க அதைப் பற்றியே பேசினோம். அந்தச் சந்தேகம்தான் நாளைக் கெடுத்தது, முகம் அல்ல. ஒத்திகைக்குப் போகிறவர் தனியாக உள்ளே போய், ஒரு கோப்பை எதையாவது வாங்கிக் குடித்து, "இந்தத் தேதியில் இத்தனை பேர் வருவோம், பாதிப் பேர் சைவம், நாலு குழந்தைகள், இரண்டு மேசை சேர்த்துப் போடுவீர்களா, காலணியை எங்கே கழற்றுவது?" என்று கேட்டால், அன்றைக்கு நாம் போகும்போது நாம் வரவேண்டியவர்கள். இரண்டு வாரம் முன்பே சாப்பாட்டுத் தேர்வை அனுப்பினால் அடுப்படிக்கும் சந்தோஷம். பொரித்த ஹலூமியைத் தவிர வேறு சைவம் உண்டா என்பதும் நேரில் போனால்தான் தெரியும், பலகையில் சாக்கட்டியால் எழுதியதை வலைத்தளத்தில் போட மாட்டார்கள். இந்த வேலையை எந்தச் செயலி செய்யும், தம்பி?

கட்டுச்சோறு கொண்டுவருகிறவர்களுக்கும் இதிலேயே பதில். புளிச்சோற்றைப் பப்பின் மேசையில் விரிக்கக் கூடாது, வெளித் தோட்டத்து மேசையிலும்தான். அதற்கு வேறு இடம் முன்பே பார்த்து வைக்க வேண்டும்: ஆற்றோரம், தேவாலய மதிலுக்கு வெளியே ஒரு பெஞ்சு, லல்லிங்ஸ்டன் பூங்காவின் கிழட்டு ஓக் மரத்தடி. பப்பில் சாப்பிடுகிறவர்களும் கட்டுச்சோற்றுக்காரர்களும் பிரிந்தால் எங்கே, எத்தனை மணிக்குச் சேர்வது என்று சொல்லத் தெரிந்தால்தான் ஒருவரும் காத்துக் கிடக்க வேண்டாம்.

ஏன்ஸ்ஃபர்டில் நடை முடிகிற இடத்தில், இசையமைப்பாளர் பீட்டர் வார்லாக் 1925 முதல் 1928 வரை குடியிருந்த வீட்டில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. அந்த வீட்டுக் கும்மாளம் ஊர் முழுக்கப் பிரசித்தம். ஊரின் நார்மன் கோட்டை அதற்குப் பக்கத்திலேயே, காசில்லாமல் பார்க்கலாம். 1312-இல் சூறையாடப்பட்ட பிறகு அதில் யாரும் குடியேறவில்லை. பின்னாளில் வேட்டை நாய்களை அடைத்து வைத்தார்கள். களைத்த கூட்டத்துக்கு அவ்வளவு சரித்திரம் போதும்.

ஒத்திகை நடை செலவு என்று சொல்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ரயில் கட்டணத்தைக் குழுப் பணத்திலிருந்து கொடுப்போம். ஒருவரே எப்போதும் போக வேண்டியதும் இல்லை. இருவராகப் போகலாம், ஒருவர் பழகியவர், ஒருவர் புதியவர். புதியவரின் கண்ணுக்குத்தான் வழுக்குகிற மரப்படி தெரியும். பழகியவர் அதைத் தாண்டிப் போய்விடுவார்.

அடுத்த நடை ஹீவர். ஆன் போலின் வளர்ந்த கோட்டை, அங்கிருந்து சிடிங்ஸ்டன் கிராமம், பென்ஷர்ஸ்ட் மாளிகை, முடிவில் லை நிலையம். சிடிங்ஸ்டன் தெருவில் நிற்கும் மரச்சட்ட வீடுகள் நேஷனல் டிரஸ்ட்டின் பராமரிப்பில் இருக்கின்றன. அங்கே மதியச் சாப்பாட்டுக்கு இடம் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். டேரன்ட் பக்கம் சுண்ணாம்பு நிலம், மழை பெய்தாலும் சீக்கிரம் வடிந்துவிடும். இது களிமண் பூமி, மார்ச் வரை காலணியை இழுத்துப் பிடிக்கும். எத்தனை மரப்படிகள், எங்கே கழிப்பறை, ஈடன் ஆறு பெருகினால் எந்தப் பாதை முழுகும், கோட்டைக்குள் போகச் சீட்டு வாங்கினால் நடை முடியுமா: இதையெல்லாம் எழுதிக்கொண்டு வர இரண்டு பேர் வேண்டும். கேள்வி கேட்ட தம்பியின் பெயரை முதலாவதாக எழுதிவிட்டேன். இரண்டாவது யார் என்பதை வியாழக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். வார இறுதி ரயில் அட்டவணை மாறுகிறதாம்.

அன்புடன்,
உங்களோடு நடக்கும் அக்கா